ராணுவத்திலிருந்து வந்தவர் தூங்காத வீடு

என் கணவர் உயிரோடு இருக்கிறார். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கப்போகிறவர்களில் சிலருக்கு அந்த ஒன்று தெரிந்தால்தான் மேலே படிக்கத் தெம்பு வரும். எழுதியதை அவரும் படித்தார். சில வரிகளை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். மிச்சமெல்லாம் அவர் சம்மதத்தோடுதான் வருகிறது.

அவர் ராணுவத்தில் நீண்ட காலம் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எல்லையில் இருந்த காலம் முழுக்க எனக்கு ஒரே பயம்தான். ஒருநாள் போன் வரும், யாரோ ஒரு அதிகாரி பேசுவார் என்ற பயம். அவர் பெட்டியோடு வாசலில் வந்து இறங்கிய அன்று, "இனிமேல் உனக்கு நிம்மதி" என்று எல்லோரும் சொன்னார்கள். எங்களுக்கு ஆபத்தான காலம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. மற்ற வீடுகளிலும் இப்படி நடப்பதுண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பிரிட்டனில் படையைவிட்டு வெளியேறியவர்களைப் பற்றி 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. 24 வயதுக்குள் வெளியே வந்த ஆண்களிடம் தற்கொலை அபாயம், அதே வயதுள்ள மற்ற ஆண்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு வரை கூடுதல் என்றும், வெளியே வந்த முதல் இரண்டு ஆண்டுகளில்தான் அது உச்சத்தில் இருக்கிறது என்றும் அதில் இருந்தது. என் கணவர் அந்த வயதைத் தாண்டி வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனால் அந்த முதல் இரண்டு ஆண்டுகள் என்ற கணக்கு எங்கள் வீட்டுக்கு அச்சாகப் பொருந்தியது.

ஏன் அப்படி? இத்தனை வருஷம் விடிவதற்கு முன் எழுப்ப ஆள் இருந்தது. பெயருக்கு முன்னால் பதவி இருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு ஆள் படுத்திருந்தான், அவன் உயிருக்கு இவரும் இவர் உயிருக்கு அவனும் பொறுப்பு. வீட்டுக்கு வந்த மறுநாள் அவற்றில் ஒன்றுகூட இல்லை. மனைவியும் பிள்ளைகளும் அவர் இல்லாமலே எல்லாவற்றையும் நடத்தப் பழகியிருந்தோம். கரன்ட் பில் கட்டுவதிலிருந்து பள்ளிக்கூடக் கையெழுத்துவரை எதற்கும் அவரை எதிர்பார்க்காத வீடு. அவருக்குச் செய்ய வேலை இல்லை என்பதோடு, நிற்க இடமும் இல்லை என்று தோன்றியிருக்கிறது. "நான் இல்லாதப்பவே நீங்க நல்லா இருந்தீங்க" என்று ஒருநாள் சொன்னார். கேட்கச் சாதாரணப் பேச்சு. தற்கொலையைப் பற்றி ஆராய்ந்த உளவியலாளர் தாமஸ் ஜாய்னர், மூன்று விஷயங்கள் ஒன்றுசேர்ந்தால் ஆபத்து என்கிறார்: யாரோடும் சேராதவன் என்ற நினைப்பு, மற்றவர்களுக்குப் பாரமாகிவிட்டேன் என்ற நினைப்பு, வலியையும் சாவையும் கண்டு பயப்படாத பழக்கம். மூன்றாவதைப் படையே பயிற்சி கொடுத்து உண்டாக்குகிறது. முதல் இரண்டும் வீட்டுக்கு வந்தபின் சேர்ந்துகொள்கின்றன. "நான் பாரம்", "நான் இல்லாட்டி உங்களுக்கு நல்லது" என்கிற மாதிரி எந்தப் பேச்சு வந்தாலும் அதை அலுப்பு என்று விட்டுவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மனச்சோர்வு என்றால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்வது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். இவரோ சின்னச் சத்தத்துக்குத் துள்ளி எழுவார். கதவைப் பார்த்தபடிதான் உட்காருவார், முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டும். இரவில் பூட்டை மறுபடி மறுபடி இழுத்துப் பார்ப்பார். கூட்டம் உள்ள இடத்துக்கு வரமாட்டார். பையன் தட்டைக் கீழே போட்டுவிட்டால் ஒரு நொடியில் முகம் மாறிவிடும். பிறகு தூக்கம் போனது. தூக்கத்துக்காகக் குடி வந்தது. இந்த வரிசையை நினைவில் வையுங்கள். தூக்கம் கெட்டு, அதற்கு மருந்தாகக் குடி வந்து, குடித்த இரவுகளில் கோபம் கட்டுமீறிப் போவதுதான் நான் பேசிய பல குடும்பங்களிலும் நடந்தது. நான் பார்த்தவரை முதலில் கவனிக்க வேண்டியது தூக்கம். மனநல மருத்துவரிடம் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஆள்கூட, "தூக்கம் வரலை, அதுக்காகப் பார்ப்போம்" என்றால் கிளம்பிவிடுகிறார். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு இருக்கிறதா, பழைய வெடிச் சத்தத்திலோ விபத்திலோ தலையில் அடிபட்டிருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டுமே எரிச்சலையும் மறதியையும் கூட்டும். இரண்டையும் மனக்கோளாறு என்ற ஒரே கணக்கில் எழுதிவிடுவார்கள்.

உறவினர்கள் ஒன்று கேட்பார்கள்: "இவர் அப்படி ஒண்ணும் பெரிய சண்டையில் இல்லையே, இவருக்கு என்ன?" பதில் சொல்லிச் சொல்லி எனக்கு ஓய்ந்துவிட்டது. குண்டு பாய்ந்த நாட்களைப் பற்றி அவர் சாதாரணமாகப் பேசுவார். அவர் தூக்கத்தைக் கெடுத்தது வேறு. அவருக்குக் கீழே இருந்த ஒரு பையன் லீவு கேட்டான். ஆள் பற்றாக்குறை. "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றார். அந்த மாதம் முடிவதற்குள் பையன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அவன் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த பொருட்களுக்குப் பட்டியல் எழுதி, வீட்டுக்கு அனுப்பும் வேலை இவர் தலையில் விழுந்தது. சவர செட், இரண்டு சட்டை, தங்கை எழுதிய கடிதங்கள், பாதி தீர்ந்த பேனா. அந்தப் பட்டியலை இன்றைக்கும் வரிசை மாறாமல் சொல்லுவார்.

இது பயத்தால் வந்த நோய் இல்லை. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே இதை மனசாட்சிக்குப் பட்ட காயம் என்று விளக்கினார். செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன், காப்பாற்ற வேண்டியவனைக் காப்பாற்றவில்லை, மேலே இருப்பவர்கள் என்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று உள்ளே அறுத்துக்கொண்டே இருக்கும் காயம். இதற்குத் துப்பாக்கிச் சத்தமே தேவையில்லை. அமெரிக்கப் படையினர் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2013-ல் வெளியானபோது, போர்முனைக்குப் போனதற்கும் தற்கொலைக்கும் நேரடித் தொடர்பு அதில் தெரியவில்லை. மனச்சோர்வு, இருதுருவ மனநோய் (அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வருவது), குடிப் பிரச்சினை இவைதான் முன்னுக்கு வந்தன. அதனால் "எத்தனை வருஷம் எல்லையில் இருந்தார்" என்று எடைபோடுவதை விட்டுவிடுங்கள். "யாரையாவது சுட்டிருக்கீங்களா?" என்ற கேள்வியையும் விட்டுவிடுங்கள். நல்ல மனிதர்கள்கூட வாய்தவறிக் கேட்கும் கேள்வி அது. அதைக் கேட்ட நாளின் இரவு எங்கள் வீட்டில் யாரும் தூங்கியதில்லை.

மருத்துவர் முதன்முதலாக பி.டி.எஸ்.டி., அதாவது பயங்கரமான அனுபவத்துக்குப் பிறகு மனதில் தங்கிவிடும் அதிர்ச்சி நோய், என்று சொன்னபோது அவருக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். "அப்ப இது எனக்கு மட்டும் வந்ததில்லையா?" என்றுதான் கேட்டார். அவருக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களின் படபடப்பையும் நெஞ்சுவலியையும் ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871-லேயே எழுதிவைத்தார். முதல் உலகப் போரில் இதையே குண்டுவெடிப்பால் வந்த 'ஷெல் அதிர்ச்சி' என்றார்கள், அதன் பேரில் பலரைக் கோழை என்றும் ஒதுக்கினார்கள். வியட்நாமிலிருந்து திரும்பியவர்களும் அவர்களோடு நின்ற மருத்துவர்களும் விடாமல் போராடிய பிறகுதான், 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் பி.டி.எஸ்.டி. இடம்பெற்றது. இந்த வரலாற்றை மருத்துவர் அவருக்குச் சொன்னவிதம், அன்று எழுதிக்கொடுத்த மாத்திரையைவிட அதிகம் உதவியது என்று நினைக்கிறேன்.

இனி வன்முறை. இதை எழுதத்தான் தயங்கினேன். ராணுவத்திலிருந்து வந்தவர் என்றாலே அடிதடிக்காரர் என்று முத்திரை குத்துவது பெரிய அநியாயம். பெரும்பாலானவர்கள் யார்மீதும் கை வைப்பதில்லை. பிரிட்டனில் 13,856 படையினரின் விவரங்களைக் குற்றப் பதிவுகளோடு ஒப்பிட்டு 2013-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, மொத்தக் குற்றங்களில் அவர்கள் பொதுமக்களைவிடக் குறைவாகவே இருப்பதைக் காட்டியது. அதே ஆய்வு இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னது: 30 வயதுக்குட்பட்ட ஆண்களில் வன்முறைக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர்கள் படையினரில் 20.6 சதவீதம், பொதுமக்களில் 6.7 சதவீதம். நேரடிச் சண்டையில் இருந்தவர்கள், திரும்பியபின் அதிகம் குடித்தவர்கள், எந்நேரமும் உடம்பு விறைத்துக் கோபம் கொப்பளிக்கும் பி.டி.எஸ்.டி. அறிகுறி உள்ளவர்கள் ஆகியோரிடம் அபாயம் கூடுதல். ஆக, கவனம் வைக்க வேண்டியது குடியிலும் இந்தக் கொதிப்பிலும். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு.

எங்கள் வீட்டில் ஓர் இரவு. கெட்ட கனவில் அவர் முனகிக்கொண்டிருந்தார், தோளைத் தொட்டு எழுப்பினேன். கண் திறப்பதற்கு முன்பே அவர் கை என் கழுத்தில் இருந்தது. விழித்ததும் அவர் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். அன்றிலிருந்து வேறு அறையில் படுக்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தார். மருத்துவரிடம் கேட்டு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். கனவில் இருப்பவரைத் தொடக்கூடாது. கைக்கு எட்டாத தூரத்தில், கால்மாட்டில் நின்று, முதலில் விளக்கைப் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "வீட்டில் இருக்கீங்க, நான்தான்" என்று சொல்ல வேண்டும். "அப்பாவை வாசல்படியில் நின்னு கூப்பிடணும்" என்று பிள்ளைகளுக்கும் சொல்லிவைத்தோம். ஏன் என்பதையும் அவர்கள் வயதுக்குத் தக்கபடி சொன்னோம். காரணம் தெரியாத பிள்ளை, அப்பாவின் கோபம் தன்னால்தான் என்று முடிவுகட்டிவிடும்.

கோபத்துக்கும் ஒரு வழக்கம் வைத்தோம். கொதிப்பு ஏறுவது தெரிந்தால் "வெளியே போறேன்" என்ற இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அவர் நடக்கப் போய்விடுவார். பின்னால் போய் வாதாடுவது கிடையாது. அன்று இரவே அந்த விஷயத்தைத் திரும்ப எடுப்பதும் கிடையாது. மறுநாள் இருவரும் தெளிவாக இருக்கும்போதுதான் பேச்சு. ஒன்றை மட்டும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். கோபத்தில் இருப்பவரைத் தனியே நடக்கவிடலாம். சாவைப் பற்றிப் பேசியவரை, சட்டென்று அமைதியாகிப் பொருட்களைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கியவரை, நடக்கிறேன் என்று சொன்னாலும் தனியே விடக்கூடாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கூட வாழ்கிறவர்களுக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் கூடவே ஒரு ஆளை அனுப்புங்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. "பாவம், நோயாளி, நீதான் பொறுத்துப் போகணும்" என்று சொல்லக்கூடியவர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார்கள். நோய் அவர் ஏன் கொதிக்கிறார் என்பதை விளக்கும். அடிப்பதற்கு அனுமதி தராது. அடி விழுந்தால், கழுத்தில் கை வைத்தால், ஆயுதத்தைக் காட்டி மிரட்டினால், பிள்ளைகளோடு அந்த இடத்தைவிட்டு வெளியேறுங்கள். சிகிச்சைப் பேச்சை வெளியே போய் நின்று பேசிக்கொள்ளலாம். அடையாள அட்டைகள், கொஞ்சம் பணம், மருந்துச் சீட்டு, மாற்றுத்துணி இவற்றை வேறொரு நம்பகமான வீட்டில் வைத்திருப்பது துரோகம் ஆகாது. "நீ போனா நான் செத்துருவேன், உன்னையும் விடமாட்டேன்" என்ற பேச்சும், கைக்கெட்டும் ஆயுதமும், குடியும், பிரியும் தருணமும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் அதைவிட அபாயமான நேரம் வேறில்லை. அங்கே ஒரு நிமிஷம்கூடத் தனியாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். காவல்துறையைக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போதே இவர் படையில் இருந்தவர், மனநலச் சிகிச்சை தேவைப்படுகிறவர், ஆயுதம் இங்கே இருக்கிறது அல்லது இல்லை என்பதைச் சொல்லிவிடுங்கள்.

ஆயுதத்துக்கு வருகிறேன். நான் எழுதுவதில் ஒரே ஒரு விஷயம்தான் ஒருவர் மனதில் நிற்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். ஓய்வுக்குப் பிறகு அவர் ஆயுதம் ஏந்திய காவலராக வேலை பார்த்தார். உரிமம் பெற்ற துப்பாக்கி, எங்கள் பீரோவில் இருந்தது. அதை வீட்டைவிட்டு வெளியே எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். எடுத்தால் வேலை போகும், வருமானம் போகும். அவருக்கு அதைவிடப் பெரிதாக, "துப்பாக்கியும் போச்சுன்னா நான் யாரு?" என்ற கேள்வி இருந்தது. நானும் மருத்துவரும் சொல்லிப் பார்த்தோம், நகரவில்லை. அவரோடு ஒரே யூனிட்டில் இருந்தவர் ஒருவர், என்னை அக்கா என்று கூப்பிடுகிற தம்பி, வந்து உட்கார்ந்து பேசினார். "அண்ணே, டியூட்டி முடிஞ்சா ஆயுதத்தை கோத்துல (முகாமின் ஆயுத அறையில) ஒப்படைச்சுட்டுத்தானே படுக்கப் போவோம். பக்கத்துல வச்சுக்கிட்டுத் தூங்கக்கூடாதுன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதான். இப்ப டியூட்டி இல்லை. ஒப்படைச்சிருவோம். உடம்பு சரியானதும் நானே கூட வந்து வாங்கித் தர்றேன்." அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. மறுநாளே மூவருமாகப் போய், சட்டப்படி ஒப்படைத்து ரசீது வாங்கிவந்தோம். ஆயுதம் இல்லாத மேற்பார்வை வேலை ஒன்றும் கொஞ்ச நாளில் கிடைத்தது. சம்பளம் குறைவுதான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு அலையாக ஏறி இறங்குவது. உச்சத்தில் நிற்கும் நேரம் சில நிமிஷமாக இருக்கலாம், சில மணியாக இருக்கலாம். அந்த நேரத்தில் கைக்கு என்ன எட்டுகிறது என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. இஸ்ரேல் ராணுவம் 2006-ல் ஒரு விதியை மாற்றியது: வார இறுதியில் வீட்டுக்குப் போகும் இளம் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுப் போக வேண்டும். அங்கே தற்கொலைகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. குறைந்தது வார இறுதித் தற்கொலைகள்தான், வார நாட்களில் பெரிய மாற்றம் இல்லை. வேறு வழி தேடி இறந்திருப்பார்களே என்று நினைப்பவர்களுக்கு அந்தக் கணக்கே பதில். சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் தற்கொலைக்கு முயன்று தடுக்கப்பட்ட 515 பேரைப் பற்றி ரிச்சர்ட் சைடன் என்பவர் 1978-ல் எழுதினார். பல ஆண்டுகள் கழித்துத் தேடியபோது சுமார் 94 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். தடுத்து நிறுத்தினால் இன்னொரு நாள் செய்வார்கள் என்பது பெரும்பாலானவர்கள் விஷயத்தில் பொய். துப்பாக்கியைப் பற்றிச் சொன்னது பூச்சிமருந்துக்கும், சேர்த்துவைத்த மாத்திரைகளுக்கும் அப்படியே பொருந்தும். மாத்திரையை வாரத்துக்கு வேண்டிய அளவே வாங்குங்கள், மிச்சத்தை வேறு ஆளிடம் கொடுத்துவையுங்கள். ஒப்படைக்கும் முறை நாட்டுக்கு நாடு மாறும். காவல் நிலையத்திலோ உரிமம் உள்ள ஆயுத விற்பனையாளரிடமோ கேட்டால் தெரியும். இதைப் பேசச் சரியான நாள், நெருக்கடி வராத ஒரு சாதாரண நாள். பேசச் சரியான ஆள், கூடப் பணிசெய்தவர்.

அவரிடம் நேராகக் கேட்ட இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி விதைப்பதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன, மருத்துவரும் என்னிடம் அதையேதான் சொன்னார். சுற்றிவளைக்காமல் கேட்க வேண்டும். "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும், ஏனென்றால் அந்தப் பதிலைத்தான் நாம் கேட்டிருக்கிறோம். நான் கேட்டது: "என்னங்க, தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா?"

வெகுநேரம் பேசாமல் இருந்தார். "தோணுது" என்றார்.

"எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா?"

தலையசைத்தார்.

வழியும் யோசித்து வைத்திருக்கிறார் என்றால் அவசரம் என்று பொருள். நான் அழவில்லை, பிள்ளைகள் பெயரைச் சொல்லிச் சத்தியம் வாங்கவில்லை. சத்தியம் வாங்கினால் அடுத்த முறை சொல்லமாட்டார். "சொன்னதுக்கு நல்லது. இன்னிக்கு ராத்திரி நான் கூடவே இருக்கேன், தம்பியையும் வரச் சொல்றேன், காலையில மூணு பேரும் ஆஸ்பத்திரி போறோம்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. கூட இருக்க ஆள் இல்லாதவர்களுக்கு உதவி எண்கள் இருக்கின்றன. இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, பிரிட்டனில் 116 123. அமெரிக்காவில் 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் படைவீரர்களுக்கான இணைப்பு கிடைக்கும். பாதிக்கப்பட்டவர்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை, மனைவியும் அம்மாவும் நண்பனும் கூப்பிடலாம்.

ஆஸ்பத்திரியில் அவர் கையாலேயே ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதவைத்தார்கள். பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய முறை. அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் இதைச் செய்து, பிறகு போனில் தொடர்ந்து விசாரித்தபோது, அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை முயற்சிகளும் அதற்கான ஆயத்தங்களும் சுமார் 45 சதவீதம் குறைந்திருந்தன என்று 2018-ல் ஆய்வு வந்தது. தாளில் எழுதுவதெல்லாம் எளிய விஷயங்கள். அலை ஏறுவது எதில் தெரியும் என்று முதலில். அவர் எழுதியது: "சாப்பிடாம இருப்பேன், போனை ஆஃப் பண்ணுவேன், பெட்டிப் பட்டியல் மனசுல ஓடும்." அடுத்து தனியாகவே என்ன செய்து தாண்டலாம். பூட்ஸ் பாலிஷ் போடுவது என்று எழுதினார், நான் சிரிக்கவில்லை, இன்றைக்கும் அது வேலை செய்கிறது. பிறகு மனதைத் திருப்ப எங்கே போகலாம், யாரோடு இருக்கலாம். பிறகு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லி உதவி கேட்க யார். அதற்கும் மேல் மருத்துவர், உதவி எண். கடைசியாக, சுற்றி உள்ள ஆபத்தான பொருட்களை என்ன செய்வது. திட்டத்தை நாம் எழுதிக் கொடுக்கக்கூடாது, அவர் சொற்களில் இருக்க வேண்டும். பர்ஸில் ஒன்று, என்னிடம் ஒன்று, தம்பியிடம் ஒன்று.

சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆளுக்கு ஆள் மாறும். பி.டி.எஸ்.டி.க்கு, நடந்ததை மருத்துவ உளவியலாளரோடு படிப்படியாக எதிர்கொள்ளும் பேச்சுச் சிகிச்சைகள் உண்டு, செர்ட்ராலின் மாதிரி மாத்திரைகளும் உண்டு. மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே சில வாரம் ஆகும். அந்த வாரங்களில்தான் "ஒண்ணும் ஆகலை" என்று விட்டுவிடுகிறார்கள், அந்த வாரங்களில்தான் கூடுதல் கவனமும் தேவை. பேச்சுச் சிகிச்சையின் தொடக்கத்தில் கனவுகள் அதிகமானது போலத் தெரியலாம், பாதியில் நிறுத்திவிடாதீர்கள். முதல் மருத்துவர் ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரைப் பாருங்கள், எங்களுக்கும் முதலில் பார்த்தவர் ஒத்துவரவில்லை. தினமும் நிறையக் குடிக்கிறவர் வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும்.

மருந்துக்கு அடுத்து எனக்கு அதிகம் நம்பிக்கை தந்தது தம்பியின் போன்கள். வாரம் தவறாமல் ஒரு செய்தி. கேள்வி இருக்காது, அறிவுரை இருக்காது, பதில் எதிர்பார்ப்பும் இருக்காது. "அண்ணே, நினைச்சுக்கிட்டேன்" என்ற அளவுதான். இதையும் ஒருவர் ஆராய்ந்து பார்த்திருக்கிறார் என்று தெரிந்தபோது ஆச்சரியமாக இருந்தது. ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், ஆஸ்பத்திரியிலிருந்து போனபின் தொடர் சிகிச்சையை மறுத்துவிட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் சின்னச் சின்னக் கடிதங்கள் அனுப்பினார். எதையும் கேட்காத கடிதங்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது. கூட இருந்தவர்களுக்கு நான் வேண்டிக்கேட்பது இதைத்தான். ரிட்டயர் ஆகும் நாளில் மாலை போட்டுப் புகைப்படம் எடுப்பதோடு முடித்துவிடாதீர்கள். ஒருவர் பெயரை ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டு, முதல் இரண்டு வருஷம் விடாமல் செய்தி அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் அனுப்புங்கள்.

"துப்பாக்கியும் போச்சுன்னா நான் யாரு?" என்ற கேள்வி மாத்திரையில் தீராது. இப்போது அவர், ஓய்வு பெற்று வருகிறவர்களுக்குப் பென்ஷன் படிவம் நிரப்பிக் கொடுக்கிறார். கணவரை இழந்த பெண்களுக்குக் காகிதங்களை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகப் போகிறார். அங்கே அவரைப் பழைய பதவிப் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். படிவம் நிரப்பும்போதே "தூக்கம் எப்படி?" என்று கேட்டுவிடுகிறார். மனைவி கேட்டால் எரிந்துவிழுகிறவர்கள், இவர் கேட்டால் பதில் சொல்கிறார்கள்.

நானும் ஒரு உளவியல் ஆலோசகரைப் பார்க்கிறேன், தனியாக. கதவுச் சத்தத்தைக் காதால் அளந்துகொண்டே வாழ்ந்த காலம் என் உடம்பிலும் தங்கியிருக்கிறது. வீட்டில் ஒருவருக்குச் சிகிச்சை நடந்தால் கூட இருப்பவருக்கும் பார்க்க வேண்டும் என்பதை மருத்துவர்களே முதல் நாளில் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும்.

கடைசியாக, தேதிகள். அந்தப் பையன் இறந்த மாதம், ரிட்டயர் ஆன மாதம், கூட இருந்த யாராவது இறந்ததாகச் செய்தி வரும் வாரம், இவை எங்களுக்கு மறுபடி கடினமாகின்றன. நன்றாக இருந்தவர் சறுக்குவார். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாமல் காலண்டரில் முன்கூட்டியே குறித்துவைக்கிறோம். அந்த மாதத்துக்கு முன்பே மருத்துவரிடம் ஒரு நேரம் வாங்கிவிடுவோம், மாத்திரைகளை எண்ணிவைப்போம், பாதுகாப்புத் திட்டத்தை எடுத்து ஒருமுறை படித்து, மாறிய போன் எண்களைத் திருத்துவோம். தம்பி அந்த வாரம் வந்து எங்களோடு தங்குவார். இருவரும் விடியற்காலையில் நடக்கப் போவார்கள். என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை, திரும்பி வந்ததும் இரவு தூங்கினாரா என்பதை மட்டும் கேட்டுக்கொள்வேன்.